சுங்கை சிப்புட் டெடாக் கடை: கூண்டிலிருந்து மீட்ட கோழிக்கு எந்த மூட்டை?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சந்தைக்குப் பின்புறத் தெருவில் இருக்கும் டெடாக் (கால்நடைத் தீனி) கடையில் ஆடு, மாடு, வாத்து, குளத்து மீன் என்று எல்லாவற்றுக்கும் தீனி கிடைக்கும். இந்த மதிப்புரை ஒரு வகை வாடிக்கையாளருக்காக மட்டும். முட்டைப் பண்ணை கழித்துவிட்ட கோழியை, மலாய்க்காரர்கள் 'ஆயாம் பென்சென்' என்று சொல்வதை, அறுப்புக்குப் போகவிடாமல் வாங்கி வந்து தோட்டத்து வீட்டுக்குப் பின்னால் வைத்து வளர்ப்பவருக்கு இந்தக் கடை போதுமா? போதும். ஈப்போவுக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் கடையில் வேகமாக விற்றுப்போகிற சில பொருள்கள் அந்தக் கோழிக்கு ஆகாதவை. விவரம் சொல்லாமல் "கோழி டெடாக் கொடுங்க" என்றால் அவைதான் முதலில் கைக்கு வரும்.

வாங்கப் போவதற்கு முன் கோழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். பண்ணைகளில் இருப்பவை பெரும்பாலும் லோமன் பிரவுன், ஹைலைன் பிரவுன், ஐசா பிரவுன் போன்ற பழுப்புக் கலப்பினங்கள். 18 வாரம் வாக்கில் முட்டையிடத் தொடங்கி 75, 80 வாரம் வரை கூண்டில் நிற்கும். அந்த வயதில் நல்ல நிலையில் உள்ள கோழி 1.9 முதல் 2 கிலோ இருக்க வேண்டும். கூண்டிலிருந்து இறங்குபவற்றில் 1.5, 1.6 கிலோ காட்டுபவை ஏராளம். அதற்குள் ஒவ்வொன்றும் 300 முட்டைக்கு மேல் இட்டிருக்கும். ஒரு முட்டை ஓட்டில் 2 கிராமுக்குச் சற்று அதிகமாகக் கால்சியம் போகிறது; 300 முட்டைக்கு 600 கிராமைத் தாண்டிவிடும். கோழியின் எலும்புக்கூடு முழுவதிலும் இருக்கும் கால்சியம் ஏறக்குறைய 20 கிராம்தான். தீனியில் வந்தது போதாத ஒவ்வொரு இரவும் எலும்பிலிருந்து கடன் எடுத்து ஓடு கட்டிய உடம்பு அது. மெலிவு கண்ணுக்குத் தெரிகிறது, எலும்பின் பலவீனம் தெரிவதில்லை. இந்த இரண்டும் சேர்ந்து தேற வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குள் போனால்தான் சரியான மூட்டை முன்னால் நிற்போம்.

கவுண்டரில் நிற்கும் அண்ணனிடம் "கோழி ரொம்ப மெலிஞ்சு கிடக்குண்ணே, என்ன கொடுக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். "இறைச்சிக் கோழி டெடாக் எடுத்துட்டுப் போங்க, ஒரே மாசத்துல தேறிடும்" என்பார். அக்கறையோடு சொல்வதுதான், எடை ஏறும் என்பதும் பொய்யில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். இறைச்சிக் கோழியின் கடைசிக் கட்டத் தீனியில் கால்சியம் 0.9 விழுக்காடு அளவில்தான் இருக்கும். ஒரு நாளைக்கு 110 கிராம் தின்றால் வயிற்றுக்குள் போவது 1 கிராம். அதில் ஒரு பகுதிதான் உடம்பில் சேரும். கூண்டிலிருந்து வந்த கோழி முட்டையிடுவதை உடனே நிறுத்திவிடாது. பல கோழிகள் வந்த மறுநாளே இடும். ஓட்டுக்கு வேண்டிய மீதியை எங்கிருந்து எடுக்கும்? மறுபடியும் எலும்பிலிருந்துதான். முட்டைக் கோழித் தீனியில் கால்சியம் 3.8 விழுக்காடு என்றால் அதே 110 கிராமில் 4.2 கிராம் கிடைக்கும். பாதி சேர்ந்தாலும் ஒரு ஓட்டுக்குக் கணக்கு நேராகிவிடும். இறைச்சிக் கோழித் தீனியில் எரிசக்தியும் அதிகம். கிலோவுக்கு 3,100 கிலோ கலோரிக்கு மேல் இருக்கும்; முட்டைக் கோழித் தீனி 2,750ஐ ஒட்டி இருக்கும். மிச்சமான எரிசக்தி வயிற்றுக் கொழுப்பாகவும் ஈரல் கொழுப்பாகவும் படியும். தராசில் 2 கிலோ காட்டும், நெஞ்செலும்பு பழையபடி கத்தி முதுகாகவே இருக்கும். இந்தக் கடையில் நமக்குக் கிடைக்கிற தவறான ஆலோசனை இது ஒன்றுதான். ஆனால் பெரியது.

ஆகவே வாங்க வேண்டியது முட்டைக் கோழி டெடாக். மூட்டையின் வாயில் தையலோடு சேர்த்திருக்கும் சீட்டில் புரதம் 17 விழுக்காட்டை ஒட்டியும் கால்சியம் 3.5 முதல் 4.2க்குள்ளும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கடையில் மூட்டைகளைச் சீட்டு வெளியே தெரியும்படி அடுக்கியிருக்கிறார்கள். அதற்காகவே ஒரு பாராட்டு. மூட்டையைப் புரட்டாமலே தயாரிப்பு நாளைப் படித்துவிடலாம்.

மாவுத் தீனியா, அதையே குச்சிபோல் அழுத்திச் செய்த தீனியா என்ற கேள்விக்கு எங்கள் பதில்: முதல் இரண்டு மாதம் மாவு. பண்ணையில் அது தின்று பழகியது மாவுத் தீனி. அலகு நுனியை வெட்டியிருப்பதால் தட்டையான தரையில் சிதறிக் கிடக்கும் குச்சியைக் கொத்தி எடுக்க முடியாமல் தவிக்கும். மேல் அலகு குட்டை, கீழ் அலகு நீளம், கொத்தினால் தள்ளிக்கொண்டே போகும். மாவை 3, 4 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போட்டால் அலகை உள்ளே விட்டு அள்ளிக்கொள்ளும்.

மாவில் உள்ள தொல்லை, அது லோரியில் வரும்போதே பிரிந்துவிடுகிறது. சோளத் துண்டு மேலே, சுண்ணாம்புத் தூளும் வைட்டமின் கலவையும் கீழே. மூட்டையை மேலிருந்து அள்ளிக்கொண்டே போனால் முதல் இரண்டு வாரம் சோளம் மிகுந்த தீனி, கடைசி 5 கிலோ வெறும் தூசி. வீட்டுக்கு வந்ததும் தார்ப்பாயில் கொட்டி மண்வெட்டியால் மூன்று முறை புரட்டி, பிறகு மூடியுள்ள தோங்கில் (பீப்பாயில்) நிரப்புங்கள். கடையில் கிலோ கணக்கில் கட்டி வைத்திருக்கும் சின்னப் பொட்டலத்தை நாங்கள் பரிந்துரைக்காததற்கு முதல் காரணம் இதுதான்: அது மூட்டையின் மேலிருந்து அள்ளியதா, அடியிலிருந்து வழித்ததா என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது காரணம், பொட்டலத்தில் சீட்டும் இல்லை, தேதியும் இல்லை. கிலோ விலையும் மூட்டையைவிடக் கூடுதல்.

எவ்வளவு வாங்குவது? ஒரு கோழிக்கு நாளைக்கு 115 கிராம் என்று வையுங்கள். 6 கோழிக்கு 690 கிராம். 25 கிலோ 36 நாள் வரும். 50 கிலோ மூட்டை வாங்கினால் 72 நாள் ஆகும், நம் ஊர் ஈரப்பதத்தில் அது நீண்ட காலம். திறந்த தீனியை 6 வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் கொழுப்பு கெட்டு ஊசல் வாசம் வரும், வைட்டமின் குறையும், சோளத்தில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை விடும் அஃப்ளாடாக்சின் நேரே ஈரலைத் தாக்கும் நஞ்சு; ஏற்கெனவே ஈரல் கொழுத்த கோழிக்கு அது போதும் சாக. 10 கோழிக்கு மேல் வைத்திருப்பவர் 50 கிலோ எடுக்கலாம். குறைவாக வைத்திருப்பவர் "அரை மூட்டை" என்று கேட்டால் கண்ணெதிரே புது மூட்டையைப் பிரித்து நிறுத்துக் கொடுக்கிறார்கள். இந்தச் சேவை எல்லாக் கடையிலும் கிடையாது.

மூட்டைகளை மரப்பலகைமேல் அடுக்கி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்திருக்கிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் பின்சுவரை ஒட்டிய வரிசை சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மழைக்காலத்தில் அந்தச் சுவர் வியர்க்கிறது. அந்த வரிசையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார்கள். மூட்டையைத் திறந்ததும் முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பாருங்கள். உள்ளே சூடாக இருக்கக் கூடாது, கட்டி தட்டக் கூடாது. ஒரு பிடி எடுத்து மூக்கருகே கொண்டுபோனால் காய்ந்த சோள மாவு வாசமும் லேசான மீன் வாசமும் வர வேண்டும். பழைய அலமாரி வாசம் வந்தால் அப்படியே திருப்பிக் கட்டுங்கள்.

அடுத்தது உடைத்த சோளம். கடை வாசலிலேயே திறந்த மூட்டையில் மஞ்சளாகக் கண்ணைப் பறிக்கும். கோழியும் மற்றதை ஒதுக்கிவிட்டு அதைத்தான் பொறுக்கும். சோளத்தில் புரதம் 8 விழுக்காடு அளவு, கால்சியம் இல்லை என்றே சொல்லலாம். 17 விழுக்காட்டு டெடாக்கோடு பாதிக்குப் பாதி கலந்தால் புரதம் 12.5க்கு இறங்கும், கால்சியம் 1.9 ஆகிவிடும். காசு கொடுத்து வாங்கிய நல்ல தீனியை நாமே நீர்த்துப் போகச் செய்கிறோம். பழைய சோறு, ரொட்டித் துண்டு, ரோஜாக் கடை மிச்சம் எல்லாம் இதே கணக்கில்தான் சேரும். கோழிக்கு நாளைக்கு 10 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டி, அதுவும் சாயங்காலம் கூட்டுக்குள் அழைக்கும்போது. முதல் மூன்று வாரம் அதுகூட வேண்டாம். தீனியை அரைக்க உதவும் கல் கூண்டில் தின்னக் கிடைக்காததால் இந்தக் கோழியின் அரைவைப்பை வேலை செய்து பழகாதது. முழுத் தானியமும் நீளப் புல்லும் தீனிப்பையில் அடைத்துக்கொள்ளும். கடையில் கருங்கல் பொடிக்கல் சின்னப் பையில் இருக்கிறது. கேட்டால்தான் எடுப்பார்கள், அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கும். ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்துவிடுங்கள், வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும்.

செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆலைகள் சுற்றிலும் இருக்கும் ஊர், மூட்டை மலிவு, ஆடு வளர்ப்பவர் வீட்டில் எப்போதும் இருக்கும். சீட்டில் 15, 16 விழுக்காட்டுப் புரதம் என்று பார்த்ததும் கோழிக்கும் போடலாமே என்று தோன்றும். போடாதீர்கள். நார் மிகுதி, கொட்டை ஓட்டுச் சில்லுகள் கலந்தது. ஆடுமாட்டின் வயிறு அதை நொதிக்கவைத்துப் பயன்படுத்திக்கொள்ளும், கோழிக்கு அந்த வசதி இல்லை. மெலிந்த கோழியின் சின்னத் தீனிப்பையை அது நிரப்பிவிடும், சத்தோ சேராது. தின்றுகொண்டே மெலியும்.

இறகு முளைக்கும் காலத்துக்குத் தனித் தேவை உண்டு. இறகு ஏறக்குறைய முழுவதும் புரதம்தான். கோழியின் எடையில் இருபதில் ஒரு பங்குக்கும் மேல் இறகு. வெற்று முதுகோடு வந்த கோழி இரண்டு மூன்று மாதத்தில் பல பத்துக் கிராம் புரதத்தை இறகாக மட்டும் முளைக்கவைக்க வேண்டும். அந்த வாரங்களில் டெடாக்கோடு மீன் தூள் 5 விழுக்காடு சேருங்கள்: அரை கிலோ கலவைக்கு 475 கிராம் டெடாக், 25 கிராம் மீன் தூள். மீன் தூள் 55 விழுக்காட்டுப் புரதம் உள்ளது என்றால் கலவை 18.9க்கு வந்துவிடும். கடையில் மீன் தூள் கிலோ கணக்கில் கிடைக்கிறது, வாசனையும் நன்றாக இருக்கிறது. சந்தையில் வாங்கிய நெத்திலிக் கருவாட்டை இடித்துப் போடுவதை அதோடு ஒன்றாக எண்ண வேண்டாம். அதில் உப்பு அதிகம். தண்ணீரை மாந்தி மாந்திக் குடித்துக் கழியும். வீட்டு வேலியில் முருங்கை இருந்தால் கொத்தைக் கயிற்றில் கட்டிக் கோழி எட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள். இலையைக் கிழித்து எடுக்க வேண்டியிருப்பதால் ஒன்றை ஒன்று கொத்துவதும் குறையும்.

கிளிஞ்சல் விஷயத்தில் கடைக்கு முழு மதிப்பெண். கெராங் ஓட்டை இரண்டு அளவில் உடைத்து வைத்திருக்கிறார்கள்: மாவு போன்ற தூள், 2 முதல் 4 மில்லிமீட்டர்ச் சில்லு. சில்லைத்தான் வாங்க வேண்டும். ஓடு கட்டும் வேலை பெரும்பாலும் இரவில் நடக்கிறது, கோழியோ இரவில் தின்பதில்லை. தூள் சீக்கிரம் கரைந்து போய்விடும். சில்லு அரைவைப்பையில் தங்கி இரவு முழுவதும் மெல்ல மெல்லக் கரையும். சாயங்காலம் 5 மணிக்குத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், டெடாக்கோடு கலக்காதீர்கள். முட்டையிடும் கோழி தானாகத் தேடிப் போய்க் கொத்தும், இடாத கோழி தொடாது. முட்டை நின்று இறகு உதிரும் கோழிக்குக் கூடுதல் சுண்ணாம்பு சிறுநீரகத்துக்குச் சுமை. கூட்டத்தில் பாதிக்கு மேல் முட்டையை நிறுத்திவிட்டால் வளர்கோழித் தீனிக்கு மாறி, கிளிஞ்சலை மட்டும் கிண்ணத்தில் தொடரலாம். வளர்கோழித் தீனி கால்சியம் 1 விழுக்காடுள்ள மூட்டை. இந்தக் கடையில் எப்போதும் இருப்பதில்லை, ஒரு வாரம் முன்னதாகச் சொல்லி வைக்க வேண்டும்.

தீனிக் குடுவைக்கு வருவோம். சிவப்புத் தட்டும் வெள்ளைக் குழாயும் கொண்ட தொங்கும் குடுவை மூன்று அளவில் இருக்கிறது. பிளாஸ்டிக் தடிமன் பரவாயில்லை, வெயிலில் வைக்காவிட்டால் வருஷக்கணக்கில் வரும். குறை எங்கே என்றால், மாவுத் தீனி நம் ஈரக்காற்றில் குழாய்க்குள் வளைவு கட்டிக்கொண்டு நிற்கிறது. மேலே பார்த்தால் பாதிக் குடுவை நிறைந்திருக்கும், கீழே தட்டில் ஒன்றுமில்லை. கோழி இரண்டு நாள் அரை வயிறாகக் கிடந்தாலும் வெளியிலிருந்து தெரியாது. காரணம் தெரியாமல் எடை இறங்கினால் முதலில் குடுவையைத் தட்டிப் பாருங்கள். ஒரு நாள் தீனிக்கு மேல் நிரப்பாமலிருப்பதும், குழாய்க்குள் ஒரு முழச் சங்கிலியைத் தொங்கவிடுவதும் பலன் தரும். குடுவை ஆடும்போது சங்கிலி மாவை உடைத்துவிடும். தட்டின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு இருக்கட்டும். 6 கோழி என்றாலும் குடுவை இரண்டு வேண்டும், ஒன்றிலிருந்து மற்றது தெரியாத தூரத்தில். ஒரே குடுவை என்றால் பலமான கோழி அதன் பக்கத்திலேயே நின்றுவிடும். மெலிந்தது சுற்றிச் சுற்றி வந்து ஒதுங்கிப் படுத்துவிடும்.

தட்டின் அடியில் தங்கும் தூசியைக் கொட்டிவிடாதீர்கள், சத்து அதில்தான் இருக்கிறது. சாயங்காலம் அந்தத் தூசியைத் தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும், புட்டுமாவுப் பதம். ஒரு மணி நேரத்தில் தின்று முடிக்கிற அளவுதான். மிச்சத்தை எடுத்துவிடுங்கள், நம் வெயிலில் புளித்துவிடும். மிக மெலிந்த ஒன்றிரண்டைத் தனியாக அடைத்து இந்தப் பிசைந்த தீனியை 20 நிமிடம் கொடுப்பதைப்போல் சீக்கிரம் எடை தரும் வழி வேறில்லை.

தண்ணீர்க் குடுவையில் ஒரு குறிப்பு. கூண்டுக் கோழிக்குத் தெரிந்தது சிவப்புக் காம்பு அமுக்கினால் சொட்டும் குழாய் மட்டும். அகலத் தட்டில் தண்ணீர் இருந்தும் தாகத்தோடு நிற்கும், தண்ணீர் குடிக்காத கோழி தீனியும் தின்னாது. கடையில் அந்தக் காம்பு தனியாகவே விற்கிறார்கள். 1.5 லிட்டர் போத்தலின் மூடியில் துளையிட்டுத் திருகிக் கவிழ்த்துக் கட்டிவிடலாம்; பக்கத்திலேயே தட்டையும் வைத்தால் ஒரு வாரத்தில் பழகிவிடும். வெயில் நாளில் ஒரு கோழி அரை லிட்டர் வரை குடிக்கும்.

தராசுதான் இந்தக் கடையில் எங்களுக்கு மனக்குறை. சுவரில் தொங்குவது 50 கிலோ ஸ்பிரிங் தராசு, ஒரு கோடு 200 கிராம். ஒன்றரைக் கிலோக் கோழிக்கு அதில் ஒன்றும் தெரியாது. அதைவிட மோசம், காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு நிறுப்பது. எலும்பு உளுத்த கோழியின் கால் ஒடியும். வயிற்றில் நீர் கட்டியிருந்தால் காற்றறைகள் அமுங்கி மூச்சே நின்றுவிடும். பாத்திரக் கடையில் 5 கிலோ டிஜிட்டல் சமையல் தராசு கிடைக்கும், அதை வாங்குங்கள். வாளியை வைத்துச் சுழியாக்கி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி 1,000 காட்டுகிறதா என்று சோதியுங்கள். பிறகு கோழியை வாளிக்குள் உட்காரவைத்து மேலே துண்டைப் போட்டால் இருட்டில் அசையாது. 10 விநாடி போதும்.

நேரம் முக்கியம்: விடிகாலை, கூட்டைத் திறந்ததும், தீனி போடும் முன். நிறைந்த தீனிப்பை மட்டுமே 50 முதல் 100 கிராம் காட்டும், உள்ளே இருக்கிற முட்டை இன்னொரு 60. இந்த இரண்டும் சேர்ந்தால் ஒன்றும் நடக்காமலே 150 கிராம் ஏறி இறங்கும். ஆகவே ஒரு தடவை நிறுத்ததை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். வந்த நாள், ஏழாம் நாள், பிறகு வாரம் ஒரு தடவை ஆறு வாரத்துக்கு, அதன்பின் மாதம் ஒரு தடவை. வாரத்துக்கு 30 முதல் 60 கிராம் ஏறினால் நன்றாகப் போகிறது. இந்தக் கட்டத்தில் தீனியை அளந்து கட்டுப்படுத்த வேண்டாம், வேண்டிய மட்டும் தின்னட்டும். ஒரே வாரத்தில் பத்தில் ஒரு பங்கு இறங்கினால் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

எண்ணோடு கையும் சேர வேண்டும். நெஞ்செலும்பின் மேல் உள்ளங்கையை வைத்து இரண்டு பக்கமும் தடவுங்கள். எலும்புக்கு இரு பக்கமும் குழிந்திருந்தால் சதை இல்லை. எலும்போடு சமமாகச் சரிந்தால் தேறுகிறது. சற்று உப்பி, எலும்பு நுனி மட்டும் தட்டுப்பட்டால் அது சரியான நிலை. பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய்க் கால்களுக்கு நடுவே வயிற்றைப் பிடியுங்கள். நெஞ்சு குழிந்தே இருக்க, வயிறு தண்ணீர்ப் பலூன்போல் தளும்பினால், ஏறிய எடை சதையல்ல, நீர். முட்டைக் குழாய்ச் சீழ், வயிற்றுக்குள் விழுந்த முட்டை, ஈரல் கோளாறு, கட்டி என்று காரணம் பல. கழித்துவிட்ட முட்டைக் கோழிகளில் அடிக்கடி வருவது. நிமிர்ந்து பென்குயின்போல் நடக்கும். இதற்குக் கடையில் மருந்து கேட்காதீர்கள்.

புழு மருந்துப் பொட்டலம் கடையில் உண்டு, பிப்பரசின். பெரிய உருண்டைப் புழுவை மட்டும்தான் அது வெளியேற்றும். மயிர்ப் புழுவுக்கும் நாடாப் புழுவுக்கும் வேலை செய்யாது. கூண்டில் கம்பிமேல் நின்ற கோழி மண்ணில் இறங்கியபின் புழு முட்டையை விழுங்கும். அது வளர்ந்து முட்டையிட 5 முதல் 8 வாரம் ஆகும். ஆகவே நன்றாக ஏறிக்கொண்டிருந்த எடை இரண்டாம் மாதத்தில் நின்று இறங்கத் தொடங்கினால் புழுவைச் சந்தேகியுங்கள். புது எச்சத்தை ஒரு சின்னப் போத்தலில் எடுத்து மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் காட்டி, எந்தப் புழு என்று தெரிந்த பிறகு மருந்து வாங்குவது மேல். மருந்தின் அளவு எடைக்குத் தகுந்தது. முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்பது பொட்டலத்தில் இருக்கும். முதல் இரண்டு வாரத்திலேயே எச்சத்தில் இரத்தம் கண்டால் அது புழு அல்ல, பெரும்பாலும் கோக்சிடியா என்ற நுண்ணிய ஒட்டுண்ணியால் வரும் இரத்தக் கழிச்சல் நோய். அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நான்கைந்து மாதம் கழித்துப் பிரச்சினை எதிர்ப்பக்கம் திரும்பும். இறகு முளைத்து, முட்டை குறைந்து, வாசலில் எல்லாரும் ஆளுக்கொரு பிடி சோளம் வீச, 2.3 கிலோவைத் தாண்டிய கோழிகளைத் தோட்டங்களில் நிறையப் பார்க்கலாம். ஆசையோடு மீட்டெடுத்த கோழி பாசத்தாலேயே சாகிறது என்பதுதான் இதில் வருத்தம். 33 டிகிரி வெயிலில் கொழுத்த கோழி மதியம் வாயைப் பிளந்து மூச்சிரைக்கும்; ஈரல் கொழுத்து இரத்தம் கசிந்து, காலையில் நன்றாக இருந்தது மாலையில் கொண்டை வெளுத்துக் கிடக்கும். பட்டினி போட்டு இளைக்கவைக்க முயலாதீர்கள், கொழுத்த ஈரலுக்குத் திடீர்ப் பட்டினியும் கெடுதல். சோளத்தையும் சோற்றையும் அடியோடு நிறுத்தி, டெடாக்கை 105 முதல் 110 கிராமுக்கு அளந்து, காலை 6.30க்கு ஒரு பாதி, மாலை 5.30க்கு மறுபாதி கொடுங்கள். தின்ற தீனி செரிக்கும்போது உடம்புச் சூடு கூடும். மதியத் தீனி அந்தச் சூட்டை வெயிலோடு சேர்த்துவிடும். இடைவேளையில் கங்கோங் கீரையைக் கட்டித் தொங்கவிட்டால் அது எட்டிக் குதிப்பதிலேயே பொழுது போகும். குதி என்றாலும் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். உறங்கும் கம்பும் அதே உயரம்தான். மேலிருந்து குதித்து நெஞ்செலும்பு முறிவது இந்தக் கோழிகளுக்குச் சுலபம்.

விற்பனையாளர்களைப் பற்றி: கடை முதலாளி தவுக்கே கணக்கில் நேர்மை, கடையின் தராசு சரியாக இருக்கிறது. இறைச்சிக் கோழி டெடாக் வேண்டாம் என்று ஒரு தடவை காரணத்தோடு சொன்னால், அடுத்த தடவை அந்த அண்ணனே "உங்களுக்கு முட்டை மூட்டைதானே?" என்று கேட்டு எடுத்து வருகிறார். தோட்டங்களுக்கு லோரியில் கொண்டுவந்து இறக்குகிறார்கள், இரண்டு மூட்டைக்குக் குறைந்தால் வருவதில்லை. அக்கம்பக்கத்தில் சேர்ந்து சொல்லிவிட வேண்டும். மழை நாளில் மூட்டையைத் திண்ணையில் வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாசல் சிமெண்டிலேயே போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆலையிலிருந்து புதுச் சரக்கு வெள்ளிக்கிழமை மாலை இறங்குகிறது. சனிக்கிழமை காலை போனால் பின்சுவர் வரிசை நம் பக்கம் வர வாய்ப்பில்லை.